‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ என்று குழந்தை கேட்பது ஏன்? திரை நேரமும் மூளையும்

கைப்பேசியை வாங்கிய மறுநொடி குழந்தை தரையில் புரண்டு அழுதால், அதைப் பிடிவாதம் என்கிறோம். செல்லம் கொடுத்ததால் வந்த வினை என்று பாட்டி சொல்ல, வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் வந்தது என்று அம்மா சொல்ல, பேச்சு பெரியவர்களுக்குள் மனத்தாங்கலாக முடிகிறது. கடலூரில் மஞ்சக்குப்பமானாலும் முதுநகரானாலும், பக்கத்துப் புதுச்சேரியானாலும், மாலை ஏழு மணிக்கு மேல் இந்தக் காட்சி நடக்காத தெரு இல்லை என்றே சொல்லலாம். அந்த அழுகையின்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது கடந்த முப்பது ஆண்டுகளில் பெருமளவு விளங்கியிருக்கிறது. அதன் அடிப்படையைத் தெரிந்துகொண்டாலே, குழந்தையைத் திட்டுவதையும் தம்மையே நொந்துகொள்வதையும் விட்டுவிட்டு, வீட்டின் நடைமுறையைத் திருத்தப் பெற்றோரால் முடியும். உயிரியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படி அதை இங்கே விளக்க முயல்கிறேன்.

டோபமின் செய்யும் வேலை

முதலில் டோபமின் என்ற வேதிப்பொருளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். மூளையில் செய்தி கடத்தும் பொருளாக அது இயங்குகிறது என்பதை 1950களின் இறுதியில் ஸ்வீடனைச் சேர்ந்த அர்விட் கார்ல்சன் காட்டினார். 2000ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனித மூளையில் உள்ள ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களில் டோபமினைச் சுரப்பவை சில இலட்சங்கள்தாம். நடுமூளையில் சிறிய இடத்தில் திரண்டிருக்கும் அவை, நீண்ட இழைகளின் வழியே மூளையின் பல பகுதிகளுக்கும் செய்தி அனுப்புகின்றன. பத்திரிகைகளிலும் காணொளிகளிலும் இதை ‘இன்ப ரசாயனம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பின்னால் வருவது எதுவும் சரியாகப் பிடிபடாது என்பதால், அதை இப்போதே ஒதுக்கிவிடுவது நல்லது.

1990களில் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க் பல்கலைக்கழகத்தில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர், குரங்குகளின் நடுமூளையில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, டோபமின் அணுக்கள் எப்போது துடிக்கின்றன என்று பதிவு செய்துவந்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு வாயில் விழுந்தபோது அவை துடித்தன. பிறகு, ஓர் அடையாளம் தோன்றி, சற்று நேரம் கழித்துச் சாறு வருவது வழக்கமாக்கப்பட்டது. குரங்கு அதைப் பழகிக்கொண்டதும், அணுக்கள் அடையாளம் தோன்றிய கணத்திலேயே துடித்தன. சாறு வாய்க்கு வந்தபோது அவற்றில் மாற்றம் ஏதும் இல்லை. அடையாளம் தோன்றியும் சாறு வராமல் போனாலோ, அது வந்திருக்க வேண்டிய அதே நொடியில் அவற்றின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. 1997இல் பீட்டர் டயான், ரீட் மான்டேகு ஆகியோருடன் சேர்ந்து ஷுல்ட்ஸ் வெளியிட்ட கட்டுரை இதற்குப் பொருள் சொன்னது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டையே இந்த அணுக்கள் அறிவிக்கின்றன என்பது அந்த விளக்கம்: எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தால் ஏற்றம், எதிர்பார்த்தபடியே கிடைத்தால் மாற்றமில்லை, கிடைக்காவிட்டால் இறக்கம்.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் குழந்தையை அழைத்துப் போனவர்கள் இதைக் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். முதல் தடவை பஞ்சுமிட்டாய் வாயில் கரையும்போது குழந்தையின் முகம் மலர்கிறது. நாலைந்து தடவை ஆனபின், மிட்டாய்க்காரரின் மணி தொலைவில் கேட்டதுமே அது அப்பாவின் கையைப் பிடித்து இழுக்கிறது. மணி கேட்டும் வாங்கித் தராமல் நடந்தால், மிட்டாய்க்காரர் வராத நாளில் அழாத குழந்தை அன்று அழுகிறது. இரண்டு நாளும் மிட்டாய் கிடைக்கவில்லைதான். ஆனால் ஒரு நாளில் மட்டும் அது வரப்போகிறது என்று மூளை கணக்குப் போட்டுவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும் கைப்பேசி திடீரென்று பறிபோகும்போது நேர்வதும் இந்த வகை இறக்கமே. குழந்தை நடிக்கவில்லை, அதற்கு அது மெய்யான இழப்பாகவே தெரிகிறது.

நிச்சயமில்லாததன் பிடி

இதுவரை சொன்னது பஞ்சுமிட்டாய்க்கும் பொருந்தும், பண்டிகைப் பலகாரத்துக்கும் பொருந்தும். கைப்பேசி மட்டும் ஏன் இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதற்கு அடுத்த ஆய்வு விடை தருகிறது. 2003இல் ஷுல்ட்ஸும் அவருடைய சகாக்களும் குரங்குகளுக்கு வெவ்வேறு படங்களைக் காட்டினார்கள். ஒரு படத்துக்குப் பின் சாறு கட்டாயம் வரும், இன்னொன்றுக்குப் பின் வரவே வராது, மற்றவற்றுக்குப் பின் சில வேளை வரும், சில வேளை வராது. படம் தோன்றியதிலிருந்து சாறு வரும் நேரம்வரை காத்திருக்கும் அந்த இடைவெளியில், டோபமின் அணுக்களின் துடிப்பு மெல்ல மெல்ல ஏறியது. அந்த ஏற்றம் மிக அதிகமாக இருந்தது, வாய்ப்பு சரிபாதியாக இருந்தபோது. கட்டாயம் கிடைக்கும் என்று தெரிந்தபோதும், கிடைக்கவே கிடைக்காது என்று தெரிந்தபோதும் அந்த ஏற்றம் காணப்படவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, ரீல்ஸோ ஷார்ட்ஸோ பார்க்கும் ஒரு பத்து வயதுக் குழந்தையின் கட்டைவிரலைச் சிறிது நேரம் கவனித்துப் பாருங்கள். ஒரு தள்ளலில் சிரிப்பு வருகிறது, அடுத்த இரண்டு தள்ளலில் ஒன்றுமில்லை, அதற்கடுத்து நாய்க்குட்டி, பிறகு ஏற்கெனவே பார்த்தது, பிறகு ஒரு கிரிக்கெட் சிக்ஸர். பிடிக்காத காணொளியில் விரல் ஒரு நொடிகூட நிற்பதில்லை, ஆனால் திரையை விட்டு விலகுவதும் இல்லை. அடுத்த தள்ளலில் நல்லது வரலாம், வராமலும் போகலாம் என்ற அந்த இடைவெளிதான் விரலை நகர்த்துகிறது. பழைய நாள்களில் வலைத்தளங்களில் ஒரு பக்கத்தின் அடியில் ‘அடுத்த பக்கம்’ என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்துவதா வேண்டாமா என்று மூளை ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது. 2006இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், கீழே இறங்க இறங்கப் பக்கம் நீண்டுகொண்டே போகும் முறையை உருவாக்கினார்; அதன் விளைவுகளைக் கண்டு பின்னாளில் அவரே வெளிப்படையாக வருந்தினார். ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்கும் வசதியும் அதே வேலையைச் செய்கிறது. முடிவு என்ற ஒன்றே இல்லாத பொருளைக் கையில் கொடுத்துவிட்டு, முடித்துவிட்டு வா என்று குழந்தையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு செய்தி பெற்றோருக்கு மிகவும் உதவக்கூடியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ், ஒன்றை நாடுவதும் அதை அனுபவிப்பதும் மூளையில் ஒரே செயல் அல்ல என்று பல ஆண்டு ஆய்வுகளால் காட்டியவர். டோபமின் ஏறக்குறைய முழுவதும் அகற்றப்பட்ட எலிகள் இனிப்பைத் தேடிப் போகவில்லை. ஆனால் வாயில் இனிப்புச் சொட்டை விட்டபோது அதை இரசித்ததற்கான முகக்குறிகளை வழக்கம்போலவே காட்டின. டோபமின் பெரும்பாலும் நாட்டத்தோடு தொடர்புடையது; இரசனைக்கு வேறு ஏற்பாடுகள் உள்ளன. ‘ஒரே போராக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே ஒரு மணி நேரம் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை என்பது இதனால் விளங்கும். நாட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்பம் எப்போதோ நின்றுவிட்டது.

பெரியவர்களுக்கும் இதே மூளைதான் என்றாலும் ஒரு வேறுபாடு உண்டு. ‘போதும், எழுந்திரு’ என்று உள்ளிருந்து சொல்லும் வேலையில் பெரும்பங்கு, நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்நெற்றிப் புறணி என்ற மூளைப் பகுதியுடையது. திட்டமிடுவது, காத்திருப்பது, உந்துதலை அடக்குவது எல்லாம் அதைச் சார்ந்தவை. குழந்தைகளையும் பதின்வயதினரையும் ஆண்டுக்கணக்கில் எம்ஆர்ஐ கருவியால் படமெடுத்து, 1999இல் அமெரிக்காவின் ஜே கீட் குழுவினர் வெளியிட்ட முடிவுகளும் பின்வந்த ஆய்வுகளும், மூளையிலேயே கடைசியாக முதிரும் பகுதிகளில் ஒன்று அது என்றும், இருபது வயதைத் தாண்டியும் அதன் வளர்ச்சி தொடர்கிறது என்றும் காட்டின. நாட்டத்தை எழுப்பும் பகுதி அதற்கு வெகு முன்பே விழித்துவிடுகிறது. ஆகவே ஆறு வயதுப் பிள்ளையிடம் ‘உனக்கே தெரிய வேண்டாமா?’ என்று கேட்பதில் பயனில்லை. அந்தத் தெரிதலைச் செயலாக்கும் பகுதி முதிரும்வரை அந்தப் பொறுப்பை வீடுதான் ஏற்க வேண்டும்.

வீட்டிலும் ஒரு நிச்சயமின்மை

செயலிகளைக் குறை சொல்வது எளிது. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் நாம் மாற்றக்கூடிய நிச்சயமின்மை நம் வீட்டுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பையன் கூடத்தில் கைப்பேசியோடு படுத்திருக்கிறான். அம்மா அடுப்படியில் சட்னிக்குத் தாளித்துக்கொண்டே குரல் கொடுக்கிறார்.

“டேய், எட்டு மணி ஆச்சு. போனை வை.”

“இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா.”

“ஒண்ணும் கிடையாது. வச்சுட்டு வந்து உட்காரு.”

“அம்மா, ப்ளீஸ்மா, இது பாதியில இருக்கும்மா.”

கல்லில் தோசை கருகுகிறது. மாமனாருக்குச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரை இன்னும் கொடுக்கவில்லை. “சரி, இதான் கடைசி” என்று சொல்லிவிட்டு அவர் தோசையைத் திருப்புகிறார்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த நேரத்தில் அந்த வீட்டில் வேறு வழி இல்லை. ஆனால் பையனின் மூளை இதில் கற்றுக்கொண்டது வேறு. முந்தாநாள் ஐந்து தடவை கெஞ்சிய பின் கிடைத்தது; நேற்று எவ்வளவு அழுதும் கிடைக்கவில்லை; இன்று இரண்டாவது கெஞ்சலிலேயே கிடைத்துவிட்டது. எட்டு மணி என்ற விதி அவன் மூளையில் பதியவே இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தால் சில வேளை கிடைக்கும் என்பதே பதிந்தது. புறாக்களை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர், எத்தனையாவது கொத்தலில் தீனி வரும் என்று தெரியாத புறாவே மிக விடாப்பிடியாகக் கொத்துகிறது என்றும், தீனியை நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டிருக்கிறது என்றும் காட்டியிருக்கிறார். அழுகைக்குச் சில வேளை மட்டும் பலன் கிடைக்கும் வீட்டில், அழுகை மிக உறுதியாக வேரூன்றுகிறது. எப்போதும் கொடுக்கும் வீட்டையும் எப்போதுமே கொடுக்காத வீட்டையும் விட, மனம் போனபடி கொடுக்கும் வீட்டில் சண்டை அதிகமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, கடலூரிலும் புதுச்சேரியிலும் பல பகுதிகளில் மின்சாரம் போயிற்று. மின்சாரமும் இணையமும் இல்லாத அத்தகைய நாள்களில் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பதைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: முதல் சில மணி நேரம் நச்சரித்துவிட்டு, பிறகு கேரம் பலகையையோ பல்லாங்குழியையோ எடுத்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் ஒரே நாளில் மனக்கட்டுப்பாடு பெற்றுவிடவில்லை. கேட்டாலும் கிடைக்காது என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டதால், மூளை அந்தக் கணக்கையே போடுவதை நிறுத்திவிட்டது. அன்றாட வாழ்வில் புயல் வேண்டியதில்லை. அந்த அளவுக்கு ஐயமற்ற ஒரு விதி இருந்தால் போதும்.

விதியை நிறுத்தும் இடம்

விதி என்றதும் பலரும் மணிக்கணக்கைத்தான் நினைக்கிறார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்பதைவிட எப்போது, எங்கே, எதில் முடியும் என்பவற்றை உறுதியாக்குவதே மூளையறிவியல் காட்டும் வழி என்பது என் கருத்து. ‘பள்ளி விட்டு வந்து, சிற்றுண்டி சாப்பிட்டு, வீட்டுப்பாடம் முடித்த பின், கூடத்தில் உட்கார்ந்து, இரண்டு அத்தியாயம்’ என்று விதி இருந்தால், அடையாளமும் தெளிவு, அளவும் தெளிவு. காலை எழுந்ததும் கிடைக்குமா, பேருந்தில் கிடைக்குமா, உறவினர் வீட்டில் கிடைக்குமா என்ற கேள்விகளுக்கெல்லாம் அதிலேயே விடை இருக்கிறது. நாளெல்லாம் எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும் நிலை மறைகிறது.

முடிவை எப்படி அமைப்பது என்பதில் ஒரு வியப்பான ஆய்வு உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அலெக்சிஸ் ஹினிகர் குழுவினர், 1 முதல் 5 வயதுவரையுள்ள குழந்தைகளின் வீடுகளில் திரை நேரம் எப்படி முடிகிறது என்று ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். ‘இன்னும் இரண்டு நிமிடம்தான்’ என்று முன்னெச்சரிக்கை கொடுப்பது நல்லது என்றே பெற்றோர் பலரும் நம்பினார்கள். ஆனால் எச்சரிக்கை கொடுத்தபோதுதான் குழந்தைகள் அதிகம் முரண்டு பிடித்தார்கள். நிகழ்ச்சி தானாக முடிந்தபோதும், அன்றாட வழக்கத்தின் ஒரு பகுதியாக நிறுத்தப்பட்டபோதும் பெரும்பாலும் அமைதியாகவே விலகினார்கள். மேலே பார்த்த டோபமின் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் இதற்கு ஒரு விளக்கம் சொல்லலாம். இரண்டு நிமிட எச்சரிக்கை இழப்பின் முன்னறிவிப்பாகவும் பேரம் பேச ஓர் அழைப்பாகவும் ஆகிவிடுகிறது. கதை முடிவதோ, முன்பே தெரிந்த முடிவு; எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடி நடக்கும்போது இறக்கமும் சிறிதாகவே இருக்கும்.

ஆகவே சிறு குழந்தைக்கு நிமிடத்தால் அளப்பதைவிட நிகழ்ச்சியால் அளப்பது நல்லது. ஒரு கதை, ஒரு பாட்டு, ஓர் அத்தியாயம் என்று முடிவுள்ளவற்றைத் தேர்ந்து, முடிந்தால் தொலைக்காட்சியில் போட்டு, தானாக அடுத்தது ஓடும் வசதியை அமைப்புகளுக்குள் சென்று அணைத்துவிடுங்கள். குறுங்காணொளிகளுக்கு இந்த முறை பொருந்தாது, ஏனென்றால் அவற்றுக்கு முடிவே இல்லை. ஆரம்பப் பள்ளி வயதில் அவற்றை முழுவதுமாக ஒதுக்குவதே சரி என்று நினைக்கிறேன். ஒரு முழுநீளத் திரைப்படத்தைக் குடும்பத்தோடு பார்ப்பதைவிடப் பத்து நிமிட ஷார்ட்ஸ் எனக்குக் கவலை தருகிறது. கைப்பேசி கண்ணில் படாத இடத்தில் இருப்பதும் முக்கியம். மணி ஓசை கேட்டால் மிட்டாய் நினைவு வருவதுபோல, மேசையில் கிடக்கும் கைப்பேசியும் அறிவிப்பு ஒலியும் அடையாளங்களே. அலமாரிக்குள் போய்விட்டால் நினைவூட்டும் வேலை குறைகிறது. திரை முடிந்ததும் அடுத்து என்ன என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்: குளியலோ, சைக்கிளோ, தாத்தாவோடு கடை வரை நடப்பதோ, எதுவாயினும் காத்திருக்க வேண்டும்.

புதிய விதியைத் தொடங்கும் வீட்டார் ஒன்றுக்கு முன்கூட்டியே மனத்தை ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும். இதுவரை பலன் தந்த அழுகைக்குத் திடீரென்று பலன் நின்றால், அழுகை உடனே குறையாது. சிறிது காலம் முன்னைவிடக் கூடும். உளவியலில் நன்கு அறியப்பட்ட நிகழ்வு இது. இந்த முறை பலிக்கவில்லை என்று பலர் கைவிடுவது சரியாக இந்தக் கட்டத்தில்தான். அப்படிக் கைவிட்டால், இன்னும் உரக்க அழுதால் கிடைக்கும் என்ற பாடம் குழந்தைக்குச் சேர்ந்துவிடும். அந்த நாள்களில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோரும் ஒரே சொல்லாக இருக்க வேண்டும். அம்மா மறுத்ததைத் தாத்தா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால், விதி மறுபடியும் சீட்டுக் குலுக்கலாகிவிடும். பெரியவர்களிடம் இதைக் கட்டளையாகச் சொல்லாமல், ‘மாமா, ஒரு மாதம் மட்டும் நீங்களும் எனக்குத் துணையா இருங்க’ என்று கேட்டுக்கொள்வது பலிக்கும். அழும் குழந்தையிடம் அந்த நேரத்தில் அறிவுரை சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, ‘கஷ்டமாத்தான் இருக்கும், தெரியுதுடா கண்ணு’ என்று சொல்லித் தட்டிக்கொடுத்துவிட்டு, விதியை மட்டும் மாற்றாமல் இருந்தால் போதும். வருத்தத்தை ஏற்றுக்கொள்வதும் விதியைத் தளர்த்துவதும் வேறு வேறு.

கைக்குழந்தைகள், சோற்றுக் கிண்ணம், இரவு

இரண்டு வயதுக்குக் கீழ் எந்தத் திரையும் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கழகம் பரிந்துரைக்கிறது. 2 முதல் 5 வயதுவரை பெரியவர் உடனிருக்க நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படாமலும், 5 முதல் 10 வயதுவரை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 5 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனமும் 2019இல் ஏறக்குறைய இதையே சொன்னது. கைக்குழந்தைக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், அந்த வயது மூளை ஆளிடமிருந்து கற்பதுபோலத் திரையிலிருந்து கற்பதில்லை. 2003இல் பட்ரீசியா குல் குழுவினர், ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளைச் சீன மொழி கேட்க வைத்தார்கள். நேரில் ஒருவர் விளையாடிப் பேசியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆள் அதே சொற்களைக் காணொளியில் பேசியபோது எதையும் கற்கவில்லை. ‘பாட்டு போட்டால் பேச்சு வரும்’ என்ற நம்பிக்கையில் ஏழெட்டு மாதக் குழந்தையின் முன் கைப்பேசியை வைப்பவர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் அப்பாவோடு வீடியோ அழைப்பில் பேசுவது இந்தத் தடையில் சேராது. அங்கே மறுமுனையில் இருப்பவர் குழந்தையின் முகத்துக்குப் பதில் தருகிறார்.

சோறு ஊட்டக் கைப்பேசி காட்டும் வழக்கத்தைத்தான் நம் ஊரில் விடுவது மிகக் கடினம். பருப்பு டப்பாவில் கைப்பேசியைச் சாய்த்துவைத்தால் வாய் தானாகத் திறக்கிறது, கால் மணி நேரத்தில் கிண்ணம் காலியாகிறது. ஆனால் வயிறு நிறைந்ததைக் குழந்தை கவனிக்கப் பழகுவதில்லை. தட்டைப் பார்த்ததும் திரை என்று மூளை இணைத்துக்கொள்கிறது. ஒரே நாளில் எல்லா வேளையும் நிறுத்த முயல்வதைவிட, வீட்டில் ஆள் அதிகமிருக்கும் ஒரு வேளையைத் திரையில்லா வேளையாக்கி, அதில் மட்டும் ஒருபோதும் தளராமல் இருப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். முதல் சில நாள் குழந்தை குறைவாகச் சாப்பிடலாம். நலமுள்ள குழந்தை பட்டினி கிடந்து மெலிந்துவிடாது. எடை குறைவாக உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும்.

பெரியவர்களின் கைப்பேசியும் இதில் அடங்கும். 1970களில் எட்வர்ட் ட்ரோனிக் செய்த புகழ்பெற்ற சோதனையில், குழந்தையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருந்தபோது, குழந்தை சிரித்தும் கையை நீட்டியும் அவரைத் திருப்ப முயன்று, முடியாமல் இறுதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கைப்பேசியில் ஆழ்ந்திருக்கும் நம் முகமும் அப்படித்தான் இருக்கிறது.

இரவில் காரணம் வேறு. விழித்திரையில், உருவங்களைக் காண்பதற்கல்லாமல் பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில அணுக்கள் உள்ளன. 2002இல் கண்டறியப்பட்ட அவை நீல ஒளிக்கு மிகவும் கூருணர்வு உடையவை. திரையின் ஒளி அவற்றின் வழியே, தூக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கிறது. குழந்தைகளின் கண்வில்லை தெளிவாகவும் பாவை அகன்றும் இருப்பதால், அதே ஒளி பெரியவர்களைவிட அவர்களை அதிகம் பாதிக்கிறது. பள்ளி செல்லும் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. காலை ஆறரைக்கு எழ வேண்டிய பிள்ளை இரவு ஒன்பதரைக்கு மேல் விழித்திருந்தால் கணக்கு உதைக்கும். தூக்கம் குறைந்த மறுநாள் முன்நெற்றிப் புறணிதான் முதலில் தளர்கிறது, ஆகவே அன்று மாலைக் கைப்பேசிச் சண்டை இன்னும் கடுமையாகிறது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாக் கைப்பேசிகளையும் கூடத்தில் ஓரிடத்தில் சார்ஜில் போட்டுவிடுவது, பெரியவர்களுடையதையும் சேர்த்து, இதற்கு எளிய தீர்வு. எல்லோரும் ஒரே அறையில் மின்விசிறிக்குக் கீழே படுக்கும் வீடுகளில், அப்பா போர்வைக்குள் பார்க்கும் வெளிச்சமும் பிள்ளையின் கண்ணுக்கு வந்து சேரும்.

வெளிச்சம் என்ற பேச்சில் இன்னொன்று. டோபமின் மூளையில் மட்டும் சுரப்பதில்லை, விழித்திரையிலும் சுரக்கிறது. பகல் வெளிச்சத்தில் அது அதிகம் சுரந்து, கண்விழி அளவுக்கு மீறி நீண்டு கிட்டப்பார்வை வருவதைத் தடுக்க உதவுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விளையாட நேரம் கொடுத்து மூன்றாண்டுகள் கவனித்ததில், கிட்டப்பார்வை வந்தவர்களின் விகிதம் குறைந்தது என்று 2015இல் அறிவித்தார்கள். விளக்கெரியும் வகுப்பறையில் சில நூறு லக்ஸ் வெளிச்சம் இருந்தால், வெளியே மரநிழலில்கூட அதைப்போல் பல மடங்கு இருக்கும். மஞ்சக்குப்பம் மைதானமும் தேவனாம்பட்டினம் மணலும், புதுச்சேரியில் பாரதி பூங்காவும், மாலையில் வண்டிகளை விடாத கடற்கரைச் சாலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் நமக்கு இது பெரிய பேறு. வெயில் தாழ்ந்து இருட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் கிடைத்தால், திரை நேரமும் தானாகச் சுருங்கும்.

மிகைப்படுத்தலும் உண்மை நோயும்

அச்சமூட்டும் சில பேச்சுகளை நம்ப வேண்டியதில்லை. ‘கைப்பேசி கொக்கெய்னுக்குச் சமம்’ என்பது அவற்றில் ஒன்று. வீடியோ விளையாட்டின்போது மூளையில் டோபமின் வெளிப்படுகிறது என்பதை 1998இலேயே இலண்டனில் பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. ஆனால் நல்ல சாப்பாட்டின்போதும் நண்பரைக் காணும்போதும்கூட டோபமின் வெளிப்படுகிறது. போதைப்பொருள் வேதியியல் வழியாக நேரடியாக அந்த அமைப்பைக் குலைக்கிறது. திரை, கற்றல் என்ற இயல்பான வழியில் பழக்கத்தை உண்டாக்குகிறது. பழக்கம் கற்கப்பட்டது என்பதால் மாற்றவும் முடியும். ‘டோபமின் விரதம்’ என்ற பெயரில் சில நாள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால் மூளை புதிதாகிவிடும் என்பதும் சரியல்ல. விரதம் முடிந்து பழைய ஒழுங்கின்மைக்கே திரும்பினால் பழைய கணக்கே மறுபடி ஓடும். எல்லாத் திரையும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பையன் காணொளி பார்த்துக் காகிதத்தில் விமானம் மடிக்கிறான் என்றால் அவன் கை வேலை செய்கிறது, முடிவும் இருக்கிறது.

அதே நேரம், வீட்டு விதிகளால் தீராத நிலையும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் ‘வீடியோ விளையாட்டு நோய்’ என்ற ஒன்றைச் சேர்த்தது. விளையாட்டின் மேல் கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் கொடுப்பது, கேடு விளைந்தும் தொடர்வது, இவற்றால் படிப்பும் குடும்பமும் குலைவது ஆகியவை பொதுவாக 12 மாத அளவு நீடித்தால் அது நோயாகக் கருதப்படுகிறது. அந்த அளவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தாலோ, இரவெல்லாம் விழித்திருந்தாலோ, கைப்பேசியை வாங்கும்போது தன்னையோ பிறரையோ தாக்கினாலோ, உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று சொன்னாலோ உடனே மருத்துவரைக் காண வேண்டும். மிரட்டலுக்காகச் சொல்கிறான் என்று ஒதுக்கக் கூடாது. இரண்டு வயதாகியும் பேச்சு வராத, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தைக்கு, கைப்பேசிதான் காரணம் என்று வீட்டிலேயே முடிவு கட்டாமல் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

புதுச்சேரி ஜிப்மரில் மனநல மருத்துவத் துறை இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தொழில்நுட்பப் பழக்கங்களுக்கென்றே 2014இல் ஒரு சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டது. நேரில் போகத் தயங்குபவர்கள், ஒன்றிய அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416ஐக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் போகும்போது ஒரு வாரக் குறிப்பை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கியது, எதைப் பார்த்தது, எப்போது நிறுத்தச் சொன்னீர்கள், என்ன செய்தது, கடைசியில் கொடுத்தீர்களா இல்லையா. அந்தக் கடைசிக் கேள்விக்கான விடை மருத்துவருக்கு மிகவும் தேவைப்படும் என்பதால், அதை மறைக்காமல் எழுதுங்கள்.